கொள்ளுப்பொடிச் சாமி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது, மைசூரில் வாடகைக்கு வீடு பார்க்கப் போன இடத்தில். வீட்டுக்காரர்களின் பூஜை அலமாரியில், புலிமேல் உட்கார்ந்த மாதேஸ்வரன் படம். உள்ளங்கை அகல அட்டை. அதன் கீழ் ஓரத்தில் ஸ்டேப்ளர் அடித்த இரண்டு துளைகள். சாமி படத்துக்கு யாராவது ஸ்டேப்ளர் அடிப்பார்களா? வீடு பிடிக்கவில்லை, துளைகள் மட்டும் மனதைவிட்டுப் போகவில்லை. இனி வருவதெல்லாம் என் புளுகு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஹனூரிலிருந்து மைசூருக்குப் பிழைக்க வந்த அபலை சொர்ணலதா, கண்ணீர் மல்க—'

(அடித்துவிட்டேன். அவள் அபலையும் இல்லை, சட்டென்று அழுகிற ஆளும் இல்லை.)

மறுபடியும். 1996. சொர்ணலதா கார்மெண்ட்ஸ் வேலையை உதறிவிட்டு, வீட்டிலேயே கொள்ளு வறுத்துப் பொடி அரைத்து விற்க இறங்கினாள். நம்பியது கெம்பையன் மளிகைக் கடையில் கிடைத்த ஒரே ஒரு அலமாரித் தட்டை. அந்த இடம் போனால் மறுபடி தையல் மெஷின், மறுபடி சூப்பர்வைசரிடம் ஏச்சு. அவளுடைய கவலை இதுதான். கதையின் கவலையும் இதுதான்.

பாக்கெட்டில் என்ன படம் போடுவது? "உன் போட்டோவப் போடலாமே" என்றான் கணவன் உதயகுமார்.

"என் மூஞ்சியப் பாத்து யாருங்க வாங்குவா? மாதேஸ்வரனப் போடுங்க. அவரு மலைக்குப் போற சனம் கும்பிட்டுட்டு வாங்கும்."

(இவளை பக்தை ஆக்குவதா, கெட்டிக்காரி ஆக்குவதா என்று ரொம்ப நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒரே ஆள் இரண்டுமாக இருக்கலாம் என்பது அப்புறம்தான் உறைத்தது.)

பாக்கெட் முழுக்க சாமி. வைத்த சரக்கெல்லாம் சுடச்சுட விற்றுப்போனது.

3

அடுத்து வைத்த சரக்கு அசையவே இல்லை.

"நோடம்மா, ஒரு தடவ வாங்கினவங்க திரும்பி வரல. ருசி சரியில்லவோ ஏனோ. தீபாவளிக்குள்ள ஓடலேன்னா அங்க ஊறுகாய் வெச்சுடுவேன்" என்றார் கெம்பையன், கன்னடம் கலந்த தமிழில்.

ருசியைச் சொன்னதும் அவளுக்குச் சுருக்கென்றது. பொடி வாங்கிய கௌரம்மா அடுத்த தெருதான். நேரே போய்விட்டாள்.

"பொடி எப்படீங்க இருந்துச்சு?"

கௌரம்மா பெருமையாக உள்ளே கூட்டிப்போய்ப் பூஜை அலமாரியைக் காட்டினாள். மூன்று பாக்கெட்டுகள், குங்குமப் பொட்டும் மல்லிகைச் சரமுமாக. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

"பிரிச்சே பாக்கலீங்களா?"

"தேவரு முகத்தக் கத்தரியில வெட்டறதா? பாவமில்லவா! அங்கடியில விட்டுட்டு வரவும் மனசு வரல. அதுக்கே மூணு வாங்கினேன்."

சொர்ணலதா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் தீபாவளிக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினாள். ஊரெல்லாம் அவள் பொடியைக் கும்பிடுகிறது, சோற்றில் போட்டுக்கொள்ளத்தான் ஆளில்லை.

(கடைசி வரி கொஞ்சம் மினுக்குகிறது. எடுத்துவிடலாமா? கிடக்கட்டும்.)

4

முடிவுக்கு வருவோம். பெரிய கம்பெனி முதலாளி ஒருவர் காரில் வந்து இறங்கி—

(அந்தச் சந்தில் கார் நுழையாது.)

சரி, சாமியை எடுத்துவிட்டு ஒரு பிடி கொள்ளைப் படமாகப் போட்டால்? சொர்ணலதாவிடமே கேட்டேன். "சாமிய எறக்கிட்டா விக்குமாங்க?" என்றாள். நியாயம்தான்.

என்னை நம்பிப் பயனில்லை என்று அவளே வழி கண்டுபிடித்தாள். கௌரம்மா வீட்டுச் சுவரில் தினசரிக் காலண்டர் தொங்கியது. மேலே அட்டையில் லட்சுமி, கீழே தேதித் தாள். தினமும் தாளைக் கிழிக்கிறார்கள். லட்சுமிக்கு ஒன்றும் ஆகவில்லை. சொர்ணலதா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சாமிய மேல தனி அட்டையில அச்சடிச்சு, பாக்கெட்டோட ஸ்டேப்ளர் போட்டுத் தர்றனுங்க. அத எடுத்துப் பூஜைல வெச்சுக்கோங்க. கீழ இருக்கறத வெட்டிச் சோத்துல போடுங்க."

சொன்னதோடு விடவில்லை. கைப்பையில் இருந்த பொடியைச் சூடான சோற்றில் போட்டு, நெய் விட்டுப் பிசைந்து நீட்டினாள். கௌரம்மா ஒரு வாய் போட்டுக்கொண்டாள்.

"அய்யய்யோ, இத்தன நாளா இதயா கும்பிட்டுட்டு இருந்தேன்!"

அந்த நிமிடம் எனக்கே சந்தோஷமாக இருந்தது.

5

கெம்பையன் கடைத் தட்டு நிலைத்ததா என்று எழுதப்போவதில்லை. எனக்கு வேறு தொல்லை. சாமி அட்டைக்கு ஏறிவிட்டதால் பாக்கெட்டின் முகப்பு காலி. அங்கே என்ன அச்சடிக்க என்று அச்சகத்து பசவராஜ் கேட்கிறார். உதயகுமார் மறுபடி அவள் போட்டோவை நீட்டுகிறான். இந்த முறை சொர்ணலதா மறுக்கவில்லை, வாங்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். போடச் சொல்வதா வேண்டாமா என்பதை நீங்களே அவளிடம் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

நான் பார்த்ததில் ஒன்றை மட்டும் சொல்லாமல் வைத்திருந்தேன். வாடகைக்குப் பார்க்கப் போன அந்த வீட்டுப் பூஜை அலமாரியில், முன்னால் நின்ற அட்டைக்குப் பின்னால் அதே மாதேஸ்வரன், அதே இரண்டு துளைகளோடு, ஒரு கட்டாக இருந்தார். சுற்றியிருந்த ரப்பர் பேண்டு, கட்டின் தடிமனுக்கு அறுகிற பதத்தில் இருந்தது.