வெளித்தாழ்ப்பாள்

ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளோடு மாதக்கணக்கில் வெளிமாநிலம் போகிற ஆட்கள் தூங்குவதற்கு, லாரியிலேயே ஓர் அறை. அதை வரைந்தவள் கிருத்திகா. வடிவமைப்புப் படிப்பில் அவள் மனதில் தங்கியது ஒரே தத்துவம்: ஒரு யோசனை சரியா தப்பா என்பதை வாழ்ந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். போகிற இடமெல்லாம் அதைச் சொல்வாள். தான் வரைந்த கட்டிலில் ஒரு தடவை படுத்துக்கூடப் பார்க்காத மகராசி.

அன்று வண்டி முதலாளி சண்முகவேல் வருகிற நாள். அவருக்குப் பிடித்தால் அவருடைய வண்டிகள் எல்லாவற்றுக்கும் இதே அறைதான். கிருத்திகாவுக்கும் வேலை நிரந்தரம். அறை கட்டுகிற பட்டறையில் முதல் வண்டி தயாராக நின்றது. சும்மா ஒரு நிமிஷம் என்று ஏறிப் படுத்தாள்.

பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. வண்டியை நகர்த்தும் முன் திறந்திருக்கிற கதவையெல்லாம் சாத்தி வெளியே தாழ் போட்டுவிடுவார்கள். உள்ளே எட்டிப் பார்க்கிற வழக்கம் கிடையாது. படாரென்று கதவைச் சாத்தினார்கள். வண்டி நகர்ந்து பெயிண்ட் கொட்டகைக்குப் பின்னால், சித்திரை வெயிலில் போய் நின்றது.

கிருத்திகா கதவைத் துழாவினாள். வெளித்தாழ்ப்பாளை உள்ளிருந்து திறக்கிற பிடி இல்லை. இடத்தை அடைக்கிறது என்று அதை எடுத்தவளே அவள்தான். புழுதி வரக்கூடாதென்று ஜன்னலை ஒரு சாணுக்குச் சுருக்கியதும் அவள்தான். தகரம் கொதித்தது. தட்டினாள், கத்தினாள், சுத்தியல் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? மூச்சு முட்டியது. செத்துவிடுவோம் என்றே பயந்தாள். ஆட்கள் மாதக்கணக்கில் இதில்தான் கிடக்கப் போகிறார்கள் என்று நினைத்தபோது, பயத்தையும் மீறி வெட்கம் வந்தது.

கடைசியில் பட்டறைக்காரர் சென்னிமலை கதவைத் திறந்தபோது, பக்கத்தில் சண்முகவேலும் நின்றிருந்தார்.

"அய்யோ, உள்ளயா இருந்தீங்க!" என்று பதறிய சென்னிமலை, குரலைத் தாழ்த்தினார். "முதலாளி வந்துட்டாருங்க. நல்லாருக்குதுன்னு மட்டும் சொல்லிப்போடுங்க."

"நல்லாயில்லீங்க," என்றாள் கிருத்திகா. "ஜன்னல் பத்தாது. உள்ளிருந்து தொறக்க ஒரு பிடி வேணும். வரைஞ்சது நானு, தப்பும் எம்மேலதானுங்க."

சண்முகவேல் சிரித்தார். "நம்ம ஆளுங்களுக்கு இதே சொர்க்கமுங்க. படத்துல பாத்தேன், ஜம்முன்னு இருக்குது. இப்படியே கட்டிப்போடுங்க."

வேலை போனால் போகட்டும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

"ஆகட்டுங்க. கட்டில் நீளம் போதுமான்னு ஒருக்கா படுத்துப் பாத்துடுங்க."

அவர் ஏறினார். கிருத்திகா கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டு, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். சென்னிமலை தலையில் அடித்துக்கொண்டார்.

முதலில் உள்ளேயிருந்து சிரிப்புக் கேட்டது. பிறகு தட்டும் சத்தம். கொஞ்ச நேரம் கழித்து, "அம்மிணி, தொறந்துடு சாமி!" என்று நடுங்கிய குரல் வந்தது.

"ஜன்னல் எவ்வளவு அகலம் வைக்கட்டுங்க?" என்று கேட்டாள் கிருத்திகா.