இரண்டாம் இலக்கக் கசட்

தன் உம்மா சல்மாவின் கையில் அந்தக் கசட்டை எடுத்துக் கொடுத்தவள் ஸகியாதான். தெரியாமல் கொடுக்கவில்லை. அவளுடைய கணவன் காலிதீனின் தகரப் பெட்டியில் ஒரே மாதிரி இரண்டு ஒலிநாடாக் கசட்டுகள் இருந்தன. ஒன்றில் ஒன்று என்றும் மற்றதில் இரண்டு என்றும் சிவப்பு மையால் இலக்கம் போட்டிருந்தான். இரண்டிலும் இருப்பது ஒன்றேதான், ஒன்று பழுதானாலும் மற்றது இருக்கும் என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறான். பெட்டியைத் திறந்தபடி கொஞ்ச நேரம் நின்றவள் இரண்டாம் இலக்கத்தை எடுத்தாள்.

எண்பத்தேழாம் ஆண்டு பங்குனி மாதம் அது. ஹர்த்தாலின் இரண்டாம் நாள். மருதமுனையிலும் கல்முனையிலும் ஒரு கடைகூடத் திறக்கவில்லை. ஸகியாவின் காக்கா, மூத்த அண்ணன் றஸாக் வேலை செய்யும் சவூதியின் தம்மாமுக்கு, விடுமுறை முடிந்து திரும்பும் பாலமுனைக் கச்சிமுகம்மது பகல் லுகர் தொழுகைக்குப் பிறகு வந்து வாசலில் சைக்கிளை நிறுத்தினான். பின்னேரம் அஸருக்கு வேன் புறப்படுகிறது, ஏதாவது கொடுத்துவிடுவதென்றால் உடனே தாருங்கள் என்றான்.

அந்த நாட்களில் எழுதத் தெரியாத உம்மாமாரும், எழுதித் தீராத மனைவிமாரும் கசட்டில் கதைத்துத்தான் சவூதிக்கு அனுப்புவார்கள். பதினாலு மாதமாக றஸாக்குக்கு உம்மாவின் குரல் போகவில்லை. தபாலில் அனுப்பிய இரண்டும் வழியில் எங்கோ காணாமல் போயின. வெறும் கசட் ஒன்று வாங்கலாமென்றால் கடை இல்லை. பக்கத்து வீடுகளிலும் கேட்டுப் பார்த்தாயிற்று.

ஸகியா நிற்கும் அந்த வீட்டைக் கட்டியவன் றஸாக். பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுக்க வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். வாப்பா இல்லாத வீட்டில் அது காக்காவின் தலையில் விழுந்தது. முப்பத்தைந்து வயதாகியும் அவன் இன்னும் கலியாணம் முடிக்கவில்லை. அவன் வியர்வையில் எழும்பிய சுவருக்குள் இருந்துகொண்டு, உம்மாவின் குரலை அவனுக்கு அனுப்பக் கசட் இல்லை என்று சொல்ல ஸகியாவுக்கு நா எழவில்லை.

சல்மா உம்மா முதலில் அதை ரேடியோவில் போட்டுக் கேட்டார். கீச்சென்று ஒரு சத்தம் அறை முழுக்கப் பரவியது.

"இதென்ன புள்ள, தகரத்தில ஆணியால கீறுற மாதிரிக் கிடக்கு?"

"அது அழிஞ்சி போகும் உம்மா. நீங்க கதைங்க."

அந்தச் சத்தம் என்னவென்று அவளுக்குத் தெரியும். அது காலிதீனின் ஐந்து வருடம்.

காலிதீன் நற்பிட்டிமுனையில் பிறந்தவன். எழுபத்தொன்பதாம் ஆண்டு சிறுபோகத்தில், கதிர் வெளிவரும் நேரத்தில், அவனுடைய வாப்பாவின் மூன்று ஏக்கரும் தண்ணீர் இல்லாமல் கருகிப் போனது. வாய்க்காலின் கடைசியில் கிடந்த வயல் அது. மேல்மடைக்காரரெல்லாம் பாய்ச்சி முடித்த பிறகு, ஒன்பது நாள் பிந்தித் தண்ணீர் வந்தது. வந்த தண்ணீரில் கொக்கு மேய்ந்ததே தவிர வேறு பயன் இல்லை. வாப்பா அதன்பின் வயல் வட்டைக்குப் போவதையே குறைத்துக்கொண்டார். மூன்றாம் வருடம் கண்ணை மூடி மவுத்தானார். அப்போதுதான் படித்து முடித்து, கல்முனையில் கணித ஆசிரியராகச் சேர்ந்திருந்த காலிதீன் ஒரு கொப்பி வாங்கினான். எந்த மடை திறந்தால் எத்தனை மணித்தியாலத்தில் எந்த வரம்புக்குத் தண்ணீர் வரும், வழியில் எவ்வளவு கசியும், எந்த மாதத்தில் எவ்வளவு காயும் என்று எழுதத் தொடங்கினான். நீர்ப்பாசன இலாகாவில் வேலை செய்த செபரட்ணம் ஐயா தன்னிடமிருந்த அளவுகளையெல்லாம் கொடுத்து உதவினார். கொப்பிகள் எட்டாகின.

எண்பத்துமூன்றில் கலியாணம் முடிந்து காலிதீன் மருதமுனைக்கு மாப்பிள்ளையாக வந்தபோது, றஸாக் தன் மச்சானுக்கென்று ஒரு சின்னக் கொம்பியூட்டர் கொண்டுவந்தான். புத்தகம் அளவுதான் இருக்கும். தொலைக்காட்சிப் பெட்டியோடு வயரால் கொழுவ வேண்டும். எழுதியதைச் சாதாரணக் கசட்டில்தான் பதிந்து வைக்க வேண்டும். கொழும்பில் ஒரு மாதப் பயிற்சியில் கொம்பியூட்டரைத் தொட்டுப் பார்த்திருந்த காலிதீனுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. குளத்தின் நீர்மட்டத்தையும் விதைத்த திகதியையும் கொடுத்தால், நாற்பத்திரண்டு வாய்க்கால்களுக்கும் எந்தெந்த நாளில் எத்தனை மணித்தியாலம் மடை திறப்பது, கடைசி வயல் கருகாமல் இருக்கத் தண்ணீர் முறையை எப்படி மாற்றுவது என்று சொல்லும் புரோகிராம் ஒன்று எழுதப் போவதாகச் சொன்னான். கேட்டவர்கள் சிரித்தார்கள். மாஸ்டர் ரீவியில் தண்ணி பாய்ச்சப் போறாராம் என்று பள்ளிவாசல் முற்றத்திலும் கதை நடந்தது.

ஸகியா சிரிக்கவில்லை. பின்னேரங்களில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கொப்பியைப் பார்த்து எண்களை வாசித்தாள். அவன் தட்டினான். புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் வேறு என்னென்னவோ கதைக்கும் காலத்தில் இவர்கள் கதைத்ததெல்லாம் எண்கள். ஆனாலும் அவன் களைத்துவிட்டான் என்பதும், பசிக்கிறதென்பதும், இன்று சந்தோஷமாக இருக்கிறான் என்பதும் அவன் 'அடுத்தது' என்று சொல்லும் விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். இரண்டு வருடத்துக்கு முன் மகள் ஹாஜறா பிறந்தாள். அதன்பின் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தாள்.

பெண்பிள்ளை பிறந்த நாளிலிருந்து சல்மா உம்மாவுக்கு ஒரே கவலை. வாத்தியார் சம்பளத்தில் இந்தப் பிள்ளைக்கு எப்போது ஒரு வீடு எழும்பும்? றஸாக்கின் கம்பனியில் களஞ்சியப் பொறுப்பாளர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், மச்சான் வரச் சம்மதமா என்று இரண்டு தரம் கடிதம் வந்தாயிற்று. இந்தப் போகம் மட்டும் பொறுங்கள் மாமி என்று காலிதீன் தவணை கேட்டிருந்தான். செபரட்ணம் ஐயா ஒரு வழி சொல்லியிருந்தார். இலாகாவின் எஞ்சினியர் புரோகிராமைப் பார்த்துத் திருப்திப்பட்டால், அம்பாறையில் தொடங்கவிருக்கும் நீர் முகாமைத் திட்டத்துக்குக் காலிதீனைக் கேட்டு எடுப்பார். சம்பளமும் கூட. அது சரிவந்தால் அவன் ஊரோடு இருப்பான். இல்லாவிட்டால் சவூதி. இதற்கு நடுவில் மூன்றாவதொரு வழி இல்லை என்பது ஸகியாவுக்குத் தெரியும். அவன் இருக்க வேண்டும் என்று ஐந்து நேரத் தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் கசட்டைக் கொடுத்தாள். ஒன்றாம் இலக்கம் பெட்டியில் பத்திரமாக இருக்கிறதே.

சல்மா உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, மகன் எதிரில் இருப்பதுபோல ரேடியோவைப் பார்த்துக் கதைத்தார். ஆடு குட்டி போட்டது, முழங்கால் வலி, ஊர்க் குழப்பம், மவுத்தானவர்கள், றஸாக்குக்குப் பார்த்து வைத்திருக்கும் பெண்ணின் நிறம் என்று அரை மணித்தியாலத்துக்கு மேல் போனது. கடைசியில் குரலைத் தாழ்த்தினார்.

"மகன், மச்சான்ட விசாவ விட்றாத. அவர் நல்ல மனிசன்தான். ஆனா ஒரு பொம்புளப் புள்ளைக்கி வாப்பா எண்டு இன்னும் அவருக்கு வெளங்கல்ல."

ஸகியா அடுக்களை வாசலில் நின்று கேட்டாள். கணவனின் புரோகிராம் கிடந்த நாடாவிலேயே அவனை ஊரைவிட்டு அனுப்பும் பேச்சும் ஏறிக்கொண்டிருந்தது. இடையில் புகுந்து நிறுத்தியிருக்கலாம். ஆனால் உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அஸருக்குக் கசட் போய்விட்டது.

பொழுதுபட காலிதீன் வந்தான். சைக்கிளை நிறுத்துமுன்பே சொல்லத் தொடங்கினான். வரும் வியாழன் எஞ்சினியர் வீட்டுக்கே வருகிறார். செபரட்ணம் ஐயா மாதக் கடைசியில் ஓய்வு பெற்று மட்டக்களப்பில் மகள் ஞானராணியோடு இருக்கப் போகிறார். போவதற்கு முன் இதை முடித்துத் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். சிறுபோகக் கூட்டத்துக்கு முன் பார்த்துவிட்டால், இந்த முறையே நற்பிட்டிமுனை வட்டையில் செய்து பார்க்கலாமாம். அவன் ஹாஜறாவைத் தூக்கிச் சுழற்றினான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு ஸகியாவால் சொல்ல முடியவில்லை. கடை திறந்ததும் புதுக் கசட் வாங்கி, அதில் ஒரு பிரதி எடுக்கச் சொல்லிவிட்டு, அதோடு விஷயத்தையும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். சனிக்கிழமை கடை திறந்தது. கசட் வாங்கினாள். நாளை சொல்லலாம், நாளை சொல்லலாம் என்றே புதன்கிழமை வந்துவிட்டது.

புதன் பின்னேரம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த காலிதீன், நாளைக்கு முன் ஒருதரம் ஓட்டிப் பார்ப்போம் என்று பெட்டியைத் திறந்தான். மேலே கிடந்தது ஒன்றாம் இலக்கம். அதையே ரேடியோவில் போட்டுக் கொம்பியூட்டரில் கொழுவினான். தொலைக்காட்சித் திரையில் கோடுகள் ஓடின, நின்றன. பிழை என்று எழுத்து வந்தது. மறுபடி போட்டான். ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினான், குறைத்தான். ஓடிக்கொலோன் வாசனைத் தண்ணீரில் பஞ்சை நனைத்து ரேடியோவின் உள்ளே துடைத்தான். கசட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்திருந்தது. கடற்காற்றுப் படும் வீடு.

அவன் பதறவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டினான்.

"ஸகியா, மத்தத எடு."

"அது இல்ல."

"பெட்டியிலதான் கிடக்கும், பாரு."

"றஸாக் காக்காவுக்குப் போயிட்டு. உம்மா அதிலதான் கதைச்சனுப்பின. நான்தான் எடுத்துக் குடுத்தன்."

நீட்டிய கை மெல்ல மடியில் இறங்கியது. ஏசுவான் என்று காத்திருந்தாள். கையோங்கினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றாள். அவன் தொலைக்காட்சியை அணைத்தான்.

"ரெண்டிலயும் பதிஞ்சி வெச்ச நான், ஒண்டாம் நம்பர ஒரு நாளாவது போட்டுப் பாக்கல்ல," என்றான் கடைசியில். "எப்பவும் ரெண்டாவதிலதான் வேல செஞ்ச. நீ என்ன செய்வாய்?"

அவன் அவளுக்காகச் சொன்னான். அது அவளைச் சுட்டது.

வியாழக்கிழமை எஞ்சினியர் ஜீப்பில் வந்தார். மரியாதையான மனிதர். எட்டுக் கொப்பிகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டி, இவ்வளவும் தனி ஆளாகவா எடுத்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். தேத்தண்ணி குடித்தார். புரோகிராம் ஓடும்போது அறிவியுங்கள், கட்டாயம் வருகிறேன் என்று கைகொடுத்துவிட்டுப் போனார். ஓடாத ஒன்றை நம்பி நாற்பத்திரண்டு மடையின் முறையை மாற்ற அவராலும் முடியாது.

செபரட்ணம் ஐயா மட்டும் பின்தங்கி நின்றார். அறை வாசல் திரைச்சீலைக்குப் பின்னால் ஸகியா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மாஸ்டர், திரும்ப எழுத எத்தின நாள் பிடிக்கும்?"

"நாள் இல்ல ஐயா. வருசம்."

"ரெண்டு கசட் இருக்கெண்டு சொன்னீங்களே?"

"ரெண்டும் பூத்துப் போயிட்டு ஐயா. கடல் காத்து."

ஸகியா திரையைப் பிடித்தாள். வெளியே போய், பொய், நான்தான் என்று சொல்லிவிட நினைத்தாள். ஐயாவின் செருப்புச் சத்தம் முற்றத்தில் இறங்கிப் போகும்வரை திரை அவள் கையிலேயே இருந்தது.

சிறுபோகக் கூட்டத்தில் வழக்கமான முறையே முடிவானது. வயல் தண்ணீருக்குப் பொறுப்பான வட்டவிதானை பக்கீர் முகைதீன், வாய்க்கால் துப்புரவுக்கு ஆள் சேர்க்க வந்த இடத்தில், மாஸ்டர்ட ரீவியில மழ பெய்யல்லயா என்று கேட்டுவிட்டுப் போனார். காலிதீனும் சேர்ந்து சிரித்தான்.

ஒரு மாதம் முயன்று பார்த்தான். ஸகியா முதல் கொப்பியிலிருந்து வாசித்தாள், அவன் தட்டினான். எண்கள் எல்லாம் இருந்தன. எண்களை வைத்து என்ன செய்வதென்று நாலு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்டுபிடித்தது மட்டும் எந்தக் கொப்பியிலும் இல்லை. முறை நடக்கும்போது இடையில் மழை பெய்தால் கணக்கை எப்படித் திருப்புவது என்ற இடத்துக்கு வந்ததும் நின்றான். போன நோன்பில் பதினொரு நாள் யோசித்துக் கண்ட வழி அது. எப்படிக் கண்டான் என்பது இப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. 'அடுத்தது' என்று அவன் சொல்லும்வரை அவள் விரலை வரியில் வைத்துக் காத்திருந்தாள். அன்று அவன் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, நேரே கடற்கரைப் பக்கம் நடந்து போனான்.

சித்திரைக் கடைசியில் றஸாக்கின் கடிதம் வந்தது. உம்மாவின் குரலைக் கேட்டு அழுதானாம். வெள்ளிக்கிழமைகளில் அறையிலிருக்கும் எல்லோரும் சுற்றியிருந்து கேட்கிறார்களாம். உம்மா சொன்னபடியே மச்சானுக்கு விசா எடுத்தாயிற்று, ஆனிக்குள் வர வேண்டும் என்று எழுதியிருந்தான். காலிதீன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தான். மாமி, கடவுச்சீட்டுக்குப் படம் எடுக்க நாளைக்குக் கல்முனைக்குப் போறேன் என்றான். சல்மா உம்மா கையேந்தி அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னார். அவருக்கு இன்றுவரை அந்தக் கசட்டின் கதை தெரியாது. அவரிடம் சொல்லக் கூடாது என்று காலிதீன் அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தான்.

ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை காலை வேன் வந்தது. பெட்டியில் சாரன்களும் சல்மா உம்மா இடித்துக் கட்டிய மாசிக் கருவாடும் இருந்தன. கொப்பிகளில் ஒன்றையாவது வைக்கட்டுமா என்று ஸகியா கேட்டாள். பாரம் கூடிவிடும் என்றான். ஹாஜறா அவனுடைய புதுச் சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்து விளையாடிக்கொண்டிருந்தாள். அவன் குனிந்து திரும்பக் கட்டியபோது ஸகியாவும் பக்கத்தில் குந்தினாள். மூன்று மாதமாகக் கேட்கத் துணியாததைக் கேட்டாள்.

"என்னில உங்களுக்கு ஒரு கோவமும் இல்லயா?"

அவன் முடிச்சை இறுக்கி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

"கோவம் வந்திருந்தா திரும்ப எழுதியிருப்பன், ஸகியா. வரட்டும் வரட்டுமெண்டு நானும் பாத்துக் கொண்டுதான் இருந்த. வரல்ல. அதான் போறன்."

வேன்காரன் அவசரப்படுத்தினான். காலிதீன் பிள்ளையின் நெற்றியில் முத்தமிட்டு ஸகியாவின் கையில் கொடுத்தான். மாமியிடம் ஸலாம் சொல்லிவிட்டு ஏறினான். வேன் தெருக்கோடி மசூர் மூலையில் திரும்பும்வரை பிள்ளை கையசைத்தது. ஸகியாவின் கை எழும்பவில்லை. தெருவில் புழுதி அடங்கியதும் அவள் உள்ளே போய் அடுப்பை மூட்டினாள். வந்து நின்ற சனங்களுக்குத் தேத்தண்ணி கொடுக்க வேண்டியிருந்தது.