பழைய பிரவுசரில் மட்டும் திறக்கும் படம்

கல் அறுக்கும் பட்டறையில் கேமராப் படம் பார்க்க ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான். அதிலும் பழைய பிரவுசரில் திறந்தால்தான் படம் வரும். புதியதில் கறுப்புக் கட்டம் மட்டும் தெரியும். கேமரா போட்டுக் கொடுத்தவர்கள் எப்போதோ கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதனால் பில் போடும் பெண் பழையதை எடுக்காமல் வைத்திருந்தாள். பட்டறையில் எல்லோருக்கும் அவள் பில்லக்கா.

இதெல்லாம் கிரேன்காரனுக்குத் தெரிந்தது தம்பி செத்த பிறகுதான்.

தம்பி கீழே நின்று கை காட்டுவான். அண்ணன் மேலே கூண்டில் உட்கார்ந்து கல்லை இறக்குவான். அன்று கல்லைக் கட்டித் தூக்கும் பட்டை அறுந்து கல் பலகை சரிந்தது. தம்பி அதன் அடியில் போனான். ஆள் மேல் தப்பில்லை, பட்டைதான் இற்றுப் போயிருந்தது என்று அதிகாரிகள் படம் பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். கல் விழுந்த இடத்தோடு படத்தை நிறுத்திவிட்டார்கள். அதற்கு மேல் அவர்களுக்கு அதில் என்ன வேலை.

உடம்பை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது தம்பி மனைவி கிரேன்காரனின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"துடிச்சாரா மாமா?"

"இல்லம்மா. உடனே போயிட்டான். அவனுக்கே தெரிஞ்சிருக்காது."

பக்கத்தில் இருந்த அம்மாவும் அதைக் கேட்டாள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு பேரும் எழுந்து உட்கார்ந்தார்கள், ஒரு வாய் சாப்பிட்டார்கள்.

தம்பி உடனே போகவில்லை. கல்லுக்கு வெளியே கிடந்த கை கூண்டைப் பார்த்து ஆடியது. அண்ணனைக் கூப்பிட்டது. அறுக்கிற மெஷின் போட்ட சத்தத்தில் வேறு யாருக்கும் எதுவும் தெரியவில்லை. கிரேன்காரன் இறங்கவில்லை. கைப்பிடியைப் பிடித்த விரல்கள் விடவில்லை. கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. தண்ணீர் குடிக்க வந்த ஒருவன் பார்த்துக் கத்தியபோது அந்தக் கை ஓய்ந்திருந்தது. இது கிரேன்காரனுக்கும் கேமராவுக்கும் மட்டும் தெரியும்.

இப்போது தம்பி மனைவி படத்தைப் பார்க்க வேண்டும் என்று நின்றாள். மேனேஜரும் வரச் சொல்லிவிட்டார்.

"பாத்து என்னம்மா ஆவப்போவுது?" என்றான்.

"மூடித்தான கொண்டாந்தாங்க, மொகத்தைக் கூட சரியா பாக்கல. நடந்து வருவாருல்ல, அது வரைக்கும் பாத்தா போதும் மாமா."

மறுநாள் பில்லக்காவிடம் போய் நின்றான். அவள் நிமிராமலே சொன்னாள்.

"நாளைக்குத் தலைமை ஆபீஸ்லேந்து கம்ப்யூட்டர் பாக்குறவன், அந்த ஸ்குரூ வரான். எல்லா மெஷின்லயும் பழைய பிரவுசரை எடுத்துடணும்னு உத்தரவு. போன மாசம் எடை மேடைக்காரர் பண்ணின கூத்து அப்படி. 'உங்கள் பிரவுசர் பழசாயிடுச்சு, இங்கே அமுக்குங்க'ன்னு எங்கேந்தோ ஒண்ணு குதிச்சிருக்கு. மனுஷன் அமுக்கிட்டாரு. வந்தது பிரவுசர் இல்ல, பேய்."

"பழசை எடுத்துட்டா கேமராப் படம் வராதுல்ல?"

"இந்த மெஷின்ல வராது."

"அப்போ நீயே இன்னைக்கே எடுத்துடேன் பில்லக்கா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்படியெல்லாம் எடுக்கக்கூடாதுண்ணே. முதல்ல புதுசைப் போட்டு, பில்லு, எடை எல்லாம் அதுல ஓடுதான்னு பாக்கணும். அப்புறம்தான் பழசுல கை வைக்கணும். ஏன், என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல."

சாப்பாட்டு நேரத்தில் அவள் கை கழுவப் போனாள். கிரேன்காரன் உள்ளே போனான். பதினைந்து டன் கல்லை முட்டை போல இறக்கி வைக்கிறவனுக்கு அந்த மௌஸ் கையில் நிற்கவில்லை. பழைய பிரவுசரின் ஐகானை இழுத்துக்கொண்டு போய்க் குப்பைத்தொட்டி ஐகானில் போட்டான். தொட்டியையும் காலி செய்தான். திரையில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. அதோடு ஒழிந்தது என்று நினைத்தான். அன்று சாயங்காலம் வீட்டில் தம்பி மனைவியிடம் நாலு வார்த்தை நன்றாகப் பேசினான்.

மறுநாள் வந்த ஸ்குரூ மெலிந்த ஆள், வாய் மட்டும் கனம். உட்கார்ந்ததும் சிரித்தான்.

"என்னக்கா இது, ஒரே பிரவுசர் மூணு வயசுல இருக்கு? மூணு பொண்டாட்டிக்காரன் வீடு மாதிரி. யாரு ஒலை வைக்கிறா, யாரு தீயை மூட்டுறான்னு ஒண்ணும் புரியல."

புதியதைத் திறந்து அதன் உள்ளே இருந்த மெனுவிலேயே அப்டேட்டைப் போட்டான். மூடித் திறந்தான். பில்லக்காவை ஒரு பில் போடச் சொல்லிப் பார்த்தான். ஓடியது. ஒரு பழையதை எடுத்துப் போட்டான். அதற்குள் மேனேஜர் தம்பி மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். வேலை இல்லாமலே கிரேன்காரனும் கதவோரம் வந்து நின்றான்.

"மிச்சம் இருக்குற பழசைக் கடைசியா எடு. இந்தம்மாவுக்குக் கேமராப் படத்தைக் காட்டிடு" என்றார் மேனேஜர்.

பில்லக்கா திரையில் தேடினாள். "இங்கதானே இருந்துச்சு."

"அது போயிருக்கும்" என்றான் கிரேன்காரன். குரல் வேகமாக வந்துவிட்டது.

ஸ்குரூ சிரித்தான். "யாரோ வெளியில இருந்த ஐகானைத் தூக்கிப் போட்டிருக்காங்க. பேர்ப் பலகையைக் கழட்டினா கடை போயிடுமாண்ணே? ஆளு உள்ள குத்துக்கல்லு மாதிரி இருப்பான்."

வெளி நெட் ஒயரைப் பிடுங்கினான். "பழசை நெட்டுல விடக்கூடாது. கேமராப் பெட்டிக்குப் போற ஒயர் மட்டும் போதும்." ஏதோ ஒரு ஃபோல்டருக்குள் போய் அமுக்கினான். படம் திறந்தது.

பில்லக்கா கிரேன்காரனைப் பார்த்தாள். நேற்று அவன் கேட்டது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

தம்பி நடந்து வந்தான். தலையில் துண்டு. யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரித்தான். சத்தம் இல்லாத படம். தம்பி மனைவி திரையைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டாள்.

கல் விழுந்தது.

"போதும்பா, நிறுத்து" என்றார் மேனேஜர்.

"இருக்கட்டும்" என்றாள் தம்பி மனைவி.

ஸ்குரூவின் விரல் மௌஸ் மேல் நின்றது. தூசி அடங்கியது. கல்லுக்கு வெளியே கை தெரிந்தது. அது ஆடியது. நின்றது. மறுபடி ஆடியது. படத்தின் மூலையில் கூண்டு. கூண்டுக்குள் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். கை ஆடிக்கொண்டிருந்தது, ஆள் உட்கார்ந்துகொண்டிருந்தான். கை ஓய்ந்த பிறகுதான் ஆட்கள் ஓடி வந்தார்கள்.

அவள் திரும்பவில்லை. திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"உங்களைத்தான கூப்பிட்டாரு?"

"ஆமாம்மா."

"பாத்தீங்களா?"

"பாத்தேன். எறங்க முடியலம்மா. காலு வரல."

ஸ்குரூவின் குரலில் பழைய நக்கல் இல்லை. "வேணும்னா காப்பி போட்டுத் தரேம்மா. இதை எடுத்துட்டா அப்புறம் இங்க பாக்க முடியாது."

"வேணாம். எடுத்துடுங்க."

பழைய பிரவுசரை எடுக்கும் பச்சைக் கோடு திரையில் மெல்ல நகர்ந்து முடியும் வரை அவள் அங்கேயே நின்றாள்.

"இப்போ நெசமாவே போயிடுச்சா?"

"போயிடுச்சும்மா."

கிரேன்காரன் வண்டியை எடுத்து வாசலில் நிறுத்தினான். அவள் அதைத் தாண்டி நடந்து போனாள்.

வேலை முடிந்து அவன் வீட்டுக்குப் போனபோது அம்மா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருந்தான்டி எம்புள்ள?"

"நல்லா நடந்து வந்தாரு அத்தை. தலையில துண்டு கட்டியிருந்தாரு. சிரிச்சாரு."

"அப்புறம்?"

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவனை அவள் பார்த்தாள். காலையிலிருந்து அப்போதுதான் அவன் முகத்தைப் பார்க்கிறாள்.

"உடனே போயிட்டாரு அத்தை. அவரு சொன்னது நெசந்தான். ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

அவனை அவரு என்றாள். மாமா என்று சொல்லவில்லை. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மேல அண்ணன் இருக்கான்ங்கிற தைரியத்துலயே போயிருப்பான் எம்புள்ள."

தம்பி மனைவி எழுந்து கிரேன்காரனுக்குத் தட்டு வைத்துச் சோறு போட்டாள். போதுமா என்று கேட்கவில்லை. அவன் சாப்பிட்டான்.