கனிவான உதவியை நாடி

கூட்டாளி மணியோடு கடலுக்குப் போன கிருஷ்ணப்பனிடமிருந்து காலையில் ஒரே ஒரு போன் வந்தது. "போட்டுல தண்ணி ஏறிகினு கீது. முகத்துவாரத்துக்கு வடக்கால கீறோம். மணியும் நானும் டீசல் கேனைப் புடிச்சிக்கினுதான்..." அத்தோடு நின்றுவிட்டது.

முகத்துவாரக்குப்பத்துப் படகுகள் எல்லாம் வலையை இறக்கிப் போட்டுவிட்டுத் தேடக் கிளம்பின. காற்று பேயாட்டம் ஆடியது. அலையைத் தாண்ட முடியாமல் பாதிப் படகுகள் திரும்பி வந்தன. ஹெலிகாப்டர் வந்தால்தான் ஆச்சு என்று எல்லோரும் கிருஷ்ணப்பனின் மகள் செங்கொடியைப் பார்த்தார்கள்.

கையில் போன் இருக்கும்போது மீட்புப் படையை ஏன் கூப்பிடவில்லை என்று நீங்கள் கேட்கலாம். குப்பத்தில் பிறந்திருந்தால் கேட்கமாட்டீர்கள். ஆற்றில் எண்ணெய் மிதந்தாலும் சாம்பல் கலந்தாலும் தொண்டை வறளக் கத்தியவர்கள் இவர்கள். போன இடமெல்லாம் ஒரே பதில்: "எழுத்தில் கொடுங்கள்." அப்படி எழுதி எழுதியே செங்கொடி குப்பத்து மனுக்காரி ஆனாள். டோல்கேட் பக்கம் ஒரு கன்டெய்னர் கம்பெனியில் அவளுக்கு மெயில் எழுதும் வேலை.

அவளுக்குப் பிடித்த ஆங்கிலச் சொல் 'சீக்'. அகராதியைப் பிரித்தால் 'தேடு' என்று இருக்கும். ஆபீஸில் அதை வைத்து யாரும் எதையும் தேடுவதில்லை. அனுமதிக்கு சீக், விளக்கத்துக்கு சீக், அவகாசத்துக்கு சீக். கேட்கவும் வேண்டும், கெஞ்சியதாகவும் இருக்கக் கூடாது என்றால் அந்தச் சொல்தான் அவளுக்குக் கைகொடுக்கும்.

"வெரசா எழுதும்மா," என்றாள் அம்மா கெங்கம்மா.

மீட்புக் கட்டுப்பாட்டு அறையின் மெயில் முகவரியைத் தேடி எடுத்தாள் செங்கொடி. தேடுங்கள் என்ற பொருளில் 'சர்ச்' என்று அடித்தாள். அதிகாரிக்கு உத்தரவு போடுவது போல இருந்தது. அழித்தாள். 'தங்கள் கனிவான உதவியை சீக் செய்கிறோம்' என்று ஆங்கிலத்தில் தலைப்பிட்டாள். வணக்கம், குப்பத்தின் அறிமுகம், தொழிலின் நிலைமை. அதற்கெல்லாம் கீழேதான் அப்பாவும் மணியும் வந்தார்கள். ஒரு பிழை இல்லை. அனுப்பினாள்.

வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காக்கைதான் பறந்தது. திரும்பிவந்த படகுகளைத் திரும்பவும் தள்ளிப் பார்த்தார்கள். அலை தூக்கி மணலில் போட்டது. செங்கொடி போனையே வெறித்தாள். கடைசியில் பதில் வந்தது: 'தங்கள் கோரிக்கை பெறப்பட்டது. பரிசீலிக்கப்படும்.'

பரிசீலனையா? அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதிலிருந்த எண்ணை அழைத்தாள். தஸ்னீம் என்ற பெண் எடுத்தாள்.

"மேடம், காலையில ஒரு மெயில்... சீக்கிங் யுவர் கைண்ட்..."

"உரிமம், சான்றிதழ், நிவாரணம்னு அந்தத் தலைப்புல தெனமும் குவியுது மேடம். வரிசையில இருக்கும். உங்களுது எது?"

செங்கொடியின் ஆங்கிலம் தொண்டையிலேயே செத்துப்போனது.

"எங்க நைனா கடல்ல கீறாரு! கேனைப் புடிச்சினு கீறாரு! முகத்துவாரத்துக்கு வடக்கால! தேடுங்க!"

"அல்லா! ஆளு தண்ணியிலயா இருக்காரு? அத மொதல்ல சொல்லக் கூடாதா?" நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. "லைன்லயே இருங்க."

கொஞ்ச நேரத்தில் ஹெலிகாப்டர் தலைக்கு மேல் வடக்கே பறந்தது. குப்பமே கைதட்டியது.

பிறகு ரோந்துப் படகு ஒன்று கரைக்கு வந்தது. மணியைத் தூக்கி இறக்கினார்கள். உதடெல்லாம் உப்பு வெடிப்பு. ஒருவன்தான் வந்தான் என்பது புரியவே எல்லோருக்கும் நேரம் பிடித்தது.

"அண்ணன் எங்கடா?" என்றாள் கெங்கம்மா.

"இவ்ளோ நேரமும் எங்கூடத்தான் இர்ந்தாரு அண்ணி. கை மரத்துப்போச்சுன்னாரு. எம்பொண்ணு எழுதியிருப்பா, வந்துடுவாங்கன்னு சொல்லிக்கினே இர்ந்தாரு." மணி முகத்தைப் பொத்திக்கொண்டான். "கைய வுட்டுட்டாரு. கொஞ்ச நேரத்துலயே ஹெலிகாப்டர் சத்தம் கேட்டுச்சு."

கெங்கம்மா மணலில் சரிந்தாள். வெகுநேரம் அழுதவள், தன்னைத் தாங்கிப் பிடித்த பெண்களிடம் திக்கித் திக்கிச் சொன்னாள்: "எம்பொண்ணு இங்கிலீஷ்ல எழுதலன்னா மணிகூட வந்திருக்கமாட்டான்டி."

எல்லோரும் செங்கொடியைப் பார்த்தார்கள், மரியாதையாக. அவளுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.