ஒரே மழைக்கு இரண்டு கழிவு

எண்பது கிலோ! திங்கட்கிழமைக்குள் எங்கள் விமானம் எண்பது கிலோ இளைக்க வேண்டும். இல்லாவிட்டால் வேலை வேறு கம்பெனிக்குப் போகும், என் வேலையும் கூடவே போகும். அதுவும் எப்போது? தேயிலை விலை விழுந்து, தேவாலாவில் அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் மட்டும் வேலை கிடைக்கும்போது.

பெங்களூரில், இன்னும் வரைபடத்தில் இருக்கும் ஐம்பது சீட் ஜெட் ஒன்றுக்கு எடைக் கணக்குப் பார்ப்பவள் நான். லீவில் வந்தும் மண்டைக்குள் அந்த எண்பதுதான். கொழுந்து நிறுக்கும் வரிசையில் அம்மாவோடு நின்று புலம்பினேன்.

“எம்பது கிலோ கூடுனா பறக்காதா?”

“நல்லாப் பறக்கும்மா. வாங்கத்தான் மாட்டாங்க. வெளிநாட்டுல பெரிய விமானக் கம்பெனி பைலட்டுங்க சங்கம் ஒப்பந்தம் போட்டிருக்கு. இத்தன சீட்டு, இத்தன எடைக்குள்ள இருந்தாத்தான் சின்ன கம்பெனிக்காரன் கொறஞ்ச சம்பளத்துக்கு ஆள் வச்சு ஓட்டலாம்.”

“சரியாத்தான் போட்டிருக்காங்க! இங்க காண்ட்ராக்ட் ஆள எறக்குனப்ப அப்படி ஒரு கோடு கிழிக்க எங்களுக்குத் துப்பில்லையே!”

பெற்ற தாய் பைலட்டுகள் கட்சியில் சேர்ந்துவிட்டாள்.

அவள் முறை வந்தது. தராசுக்காரர் வசந்த்குமார் முள்ளைப் பார்த்தார். “இருபத்தாறுங்க. நனஞ்ச சாக்குக்கு ரெண்டு, ஈரத்துக்கு ரெண்டு. இருபத்திரண்டு.”

“சாக்கு ஒரு கிலோதான். நனஞ்சதுன்னு அதுலயே ஒண்ணு கூடக் கழிச்சிட்டீங்க. பொறவு ஈரத்துக்குன்னு தனியாவா? ஒரே மழைக்கு எத்தன தரம் கழிப்பீங்க?”

எனக்குச் சுரீர் என்றது. சீட்டு முதல் கழிவறை வரை செய்து தருபவர்கள், பின்னால் எடை கூடிவிடுமோ என்று பயந்து, கொஞ்சம் கூட்டியே எழுதி அனுப்புகிறார்கள். அதே பயத்தில் நாங்களும் அதன்மேல் இரண்டு சதவீதம் கூட்டுகிறோம். ஒரே பயத்துக்கு இரண்டு கூட்டல்!

சேற்றில் வழுக்கி விழுந்து எழுந்து எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். ஆபீசில் இருந்த மேலாளர் சுரேந்திரனிடம் மூச்சிரைக்கச் சொன்னேன். மறுமுனையில் விசைப்பலகை தடதடத்தது.

“கோகிலவாணி! தொண்ணூத்தியோரு கிலோ குறையுது! யாருக்கும்மா இது தோணுச்சு?”

“எங்கம்மாவுக்கு சார். கொழுந்து பறிக்கிறாங்க.”

திரும்பி ஓடினேன். அம்மா தராசை விட்டு அசையவே இல்லை. வரிசையும் அசையவில்லை.

“அம்மா, தொண்ணூத்தியோரு கிலோ கெடச்சிருச்சு!”

அவள் என்னைப் பார்க்கவில்லை. “கேட்டீங்களா? ஏரோப்ளேன்காரனே தொண்ணூத்தியோரு கிலோவ விட்டுட்டான். என்னோட ஒரு கிலோவுக்கு ஏன் இந்தப் பாடு?”

வசந்த்குமார் இருபத்திரண்டை அடித்துவிட்டு இருபத்திமூன்று என்று எழுதினார். பின்னால் நின்ற மரகதம் அக்கா தன் மூட்டையைத் தூக்கித் தராசில் மாட்டினாள்.

“எனக்கும் ஒரே மழதான் பெஞ்சுது” என்றாள்.