சதை பிடிக்கும் வளையம்

கற்பகத்தின் அடிவயிற்றிலிருந்து ரத்தம் கசிந்திருந்தது. கட்டுத்துணியில் ஒரு புளியங்கொட்டை அளவுக்குத்தான். ஆனாலும் ரத்தம். அவள் புருஷன் பாண்டித்துரை ஜீப் சாவியைத் தேடிக்கொண்டே கத்தினான்.

"ஏளா, என்ன பண்ணித் தொலைச்ச?"

"லேசா இழுத்துப் பாத்தேன்."

"வயித்துல சொருகின குழாயையா? எதுக்கு?"

"பிடிச்சிருச்சான்னு பாக்கத்தான்."

பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்து நர்சரியில் கற்பகத்துக்குப் பதினைந்து வருச வேலை. பிளாஸ்டிக் பையில் நட்ட குச்சி வேர் விட்டதா என்று அறிய, இரண்டு விரலால் நுனியைப் பற்றி மெல்லத் தூக்கிப் பார்ப்பார்கள். வராமல் எதிர்த்தால், பிடித்துவிட்டது என்று அர்த்தம். குழாய் வைத்த அன்று மலையாள நர்ஸ் டின்டு, "சதை பிடிச்சு வரும் சேச்சி, அதுவரை அசைக்கவே கூடாது" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். கற்பகத்தின் காதில் ஏறியது முதல் பாதிதான்.

இரண்டு சிறுநீரகமும் கெட்ட பிறகு வாரம் மூன்று தடவை மலையிறங்கிப் போய் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணி வந்துகொண்டிருந்தாள். போகிற நாள் வேலை போச்சு. மறுநாள் எழுந்திருக்க முடியாது. இனியும் வராவிட்டால் பேரை வெட்டிவிடுவோம் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். தோட்டத் தொழிலாளிக்குத் தரும் லயத்து வீடு அவள் பேரில் கொடுத்தது. பாண்டித்துரை ஓட்டுவது யாருடைய டூரிஸ்ட் ஜீப்போ. அவனுக்கு எஸ்டேட் வீடு கிடையாது. அதனால்தான் டாக்டர் இந்தக் குழாயை வைத்தார். இதன் வழியாக வயிற்றுக்குள் மருந்துத் தண்ணீரை விட்டு, அழுக்கை இழுத்துக்கொண்டதும் வெளியே வடித்துவிடலாம். வீட்டிலேயே செய்யலாம். குழாய் நிலைத்தால்தான் வேலை. வேலை இருந்தால்தான் வீடு.

பக்கத்து வீட்டுச் சாந்தம்மாளும் ஜீப்பில் ஏறிக்கொண்டாள். முதல் வளைவிலேயே ஆரம்பித்தாள்.

"மாட்டு வாலை இழுத்தா மாடு உதைக்கும். நீ உன் வாலையே இழுத்திருக்கியே மதினி, யாரை உதைக்க?"

கற்பகத்துக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பொத்திக்கொண்டாள்.

"சிரிக்காதீக ரெண்டு பேரும்! இது போச்சுன்னா மறுபடி இந்த ரோட்டுலதான் சாகணும்."

வளைவுகளில் குலுங்காமல் இருக்க மாட்டுவண்டி போல ஓட்டினான். பின்னால் வந்த சர்க்கார் பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் காயத்தைத் துடைத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். பிறகு குழாய் வழியாகத் தண்ணீரை விட்டு, வெறும் பையைக் கட்டிலுக்குக் கீழே வைத்தார்கள். பாண்டித்துரை அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

தண்ணீர் வந்தது. முதலில் இளஞ்சிவப்பாக, பிறகு தெளிவாக.

"குழாயைச் சுத்தி இருக்கிற ரெண்டு வளையத்துல மேல் வளையம் கொஞ்சம் இளகியிருக்கு," என்றார் டாக்டர். "உள்ள தசையில இருக்கிற வளையம் விடலை. அது இல்லைன்னா குழாய் இப்ப உங்க கையில இருந்திருக்கும்."

டாக்டர் போனதும் டின்டு ஒரு புதுக் குழாயைக் கொண்டுவந்து காட்டினாள். அதற்குள் திட்டி முடித்திருந்தாள். "இது செடியல்ல சேச்சி, கேட்டோ? தொட்டுப் பாரு."

வழவழப்பான ரப்பர் குழாய். அதில் விரலகலத்துக்கு இரண்டு வெள்ளை வளையங்கள், மலிவான கம்பளியை வெட்டிச் சுற்றியது போல. கற்பகம் கட்டைவிரலால் தடவினாள். சொரசொரத்தது.

"இந்தப் பிஞ்ச கம்பளியா என்னைப் பிடிச்சிக்கிட்டு இருக்கு?"

"இது சேச்சியைப் பிடிக்கலை. சேச்சி உடம்புதான் இதைப் பிடிக்கும். வழவழன்னு இருந்தா உடம்பு சுத்தி ஒரு சுவர் கட்டி ஒதுக்கிடும். இதுல நார் நாருக்கு நடுவுல ஓட்டை இருக்கு. அதுக்குள்ள சதை வளரும், ரத்தக்குழாய் போகும். அப்புறம் குழாயும் நகராது, கிருமியும் அதை ஒட்டி உள்ள போகாது."

பாண்டித்துரை அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கண்ணுக்கு ஓட்டை எதுவும் தெரியவில்லை. ஒரு சின்ன முள் ஏறினாலே சீழ் வைத்து வெளியே தள்ளுகிற உடம்பு, இதற்குள் தானே நுழைந்து குடியேறிவிட்டது. இறுக்கித் தைத்தால் மட்டும் நிற்காது, உடம்புக்கு இடம் விட்டால் நிற்கும் என்று எவனோ உட்கார்ந்து யோசித்திருக்கிறான்.

"எவனோ பெரிய ஆளுதான்," என்றான்.

"எவளோவா இருக்கும்," என்றாள் சாந்தம்மாள்.

இன்னும் ஒரு மாசம் வெயிட் தூக்கக் கூடாது, தேயிலைச் செடி உரசாமல் இடுப்பில் சுற்றும் படுதாவைக் கட்டக் கூடாது என்றார்கள். கற்பகம் கையைக் கட்டிக்கொண்டு வீட்டில் கிடந்தாள். காயம் காய்ந்தது. டின்டு கற்றுத்தந்தபடி, சோப்புப் போட்டுக் கை கழுவி, முகத்தில் துணி கட்டி, கூரைச் சட்டத்தில் பையை மாட்டித் தானே தண்ணீர் ஏற்றினாள். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

அந்த மாசம் முடியும் முன்பே ஒரு திங்கட்கிழமை காலை வேலைக்குப் பேர் கூப்பிடும் இடத்தில் போய் நின்றாள். சூப்பர்வைசர் பூபதிராஜா ஏற இறங்கப் பார்த்தார்.

"தூக்க முடியாது. குனிய முடியாது. வந்து என்ன செய்யப் போற?"

"குச்சி நறுக்கக் குடுங்க சார், உக்காந்து செய்யுறேன். மத்தியானம் மட்டும் வீட்டுக்குப் போயி தண்ணி மாத்திட்டு வந்துருவேன்."

"வந்துருவியா?"

"வருவேன் சார்."

கத்தியும் குச்சியும் கொடுத்தார். மத்தியானம் போனாள். அவர் நர்சரி கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வந்தாள்.