புதன்கிழமைப் பள்ளம்

எங்கள் கம்பெனியில் தீக்காயத்துக்குப் போடும் துணி தயாரானது. மெல்லிய துணியில் பாரஃபின் தடவி டப்பாக்களில் அடைப்பார்கள். சூடு முப்பத்தைந்து டிகிரியைத் தாண்டினால் பாரஃபின் இளகிவிடும். அதனால் சென்னைக்குப் போகும் லாரிக்குள் ஒரு பெட்டியைத் தொங்கவிட வேண்டும் என்று சரக்கு வாங்குகிறவர்கள் சொன்னார்கள். பெட்டியையும் அவர்களே அனுப்பினார்கள். அது 1994.

டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். உள்ளே ஓர் உலோகப் பட்டை சூட்டுக்கு வளையும். அதன் நுனியில் ஊசி. ஊசிக்குக் கீழே தாள் சுருள் மெதுவாக நகரும். வழி நெடுக எவ்வளவு சூடு இருந்தது என்பது ஒரே கோடாக விழுந்துவிடும். டிரைவர் இருளப்பசாமி அதற்குக் கோள்சொல்லி என்று பெயர் வைத்தார்.

“எம்பொண்டாட்டி கூட இம்புட்டுக் கணக்குக் கேக்க மாட்டா, தாயி.”

பெட்டியைத் தொங்கவிடுவதும், திரும்பி வரும் சுருளைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதும் என் வேலை. ராஜபாளையத்தில் ஆபீஸ், ஸ்ரீவில்லிபுத்தூரில் வாடகை அறை. ஆபீசில் வேலை தவிர வேறு எதையும் என்னிடம் பேசியவர் இருளப்பசாமி மட்டும்தான். நான் பதில் சொல்லாவிட்டாலும் பேசுவார்.

இரண்டு முறை லாரி சாயங்காலம் கிளம்பிப் போனது. ஒன்றும் ஆகவில்லை. ஏப்ரலில் ஒரு நாள் அவசரம் என்று பகல் பதினொரு மணிக்கே கிளம்பியது. நான்காம் நாள் சென்னையிலிருந்து சுருளும் கடிதமும் வந்தன. சரக்கை நிறுத்தி வைத்திருக்கிறோம், காரணம் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

கால் மணிக்கு ஒரு எண்ணாகக் கம்ப்யூட்டரில் போட்டேன். அதில் இருந்த புரோகிராம் மூன்று விவரம்தான் அச்சடித்துத் தரும். அதிகபட்சம், குறைந்தபட்சம், சராசரி. அதிகபட்சம் நாற்பத்தொன்று, மாலை நான்கு மணிக்கு. மேனேஜர் ஞானதுரை சார் காரணம் கேட்டார். வழியில் கதவு திறந்திருக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இருளப்பசாமி பழைய கம்பெனியில் இருந்தபோது வழியில் லாரியை நிறுத்தித் தன் கணக்கில் வெங்காயம் ஏற்றியவர். அது எல்லோருக்கும் தெரியும். மறுநாளே வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தார். மம்சாபுரத்திலிருந்து வந்திருந்தார். சத்தம் போடுவார் என்று பயந்தேன்.

“நான் கதவத் தெறக்கல தாயி. வெங்காயம் ஏத்துனது நெசம். இது நெசமில்ல. அந்தக் கோள்சொல்லியவே இன்னொரு தரம் கேட்டுப் பாருங்க.”

அவ்வளவுதான் சொன்னார். பிறகு என் பஸ் வருகிறது என்று காட்டினார்.

பெட்டி சரியாக இருக்கிறதா என்று சோதிக்கிறேன் என்று சாரிடம் கேட்டு, புதுச் சுருள் போட்டு அறைக்கு எடுத்துப்போனேன். ஆபீசில் ஆள் நடமாட்டம் அதிகம். என் அறையில் அந்தத் தொந்தரவு இல்லை. அது மொட்டைமாடி அறை. மேற்குப் பக்கம் சுவருக்குப் பதில் தகரம் அடைத்திருக்கும். அந்தத் தகரத்தை ஒட்டியிருந்த காலண்டர் ஆணியில் பெட்டியை மாட்டினேன். அன்று திங்கட்கிழமை.

வியாழன் மாலை திறந்து பார்த்தேன். தினமும் மதியம் ஒரு மணிக்குக் கோடு ஏறத் தொடங்கி, நான்கு மணிக்கு நாற்பதைத் தொட்டு, ஆறுக்கு மேல் இறங்கியிருந்தது. குன்று போல வழவழப்பான ஏற்றம். காலையில் நான் கிளம்பும்போதும் மாலையில் திரும்பும்போதும் கதவு திறந்ததற்குச் செங்குத்தாக ஒரு சின்னப் பள்ளம். குன்றில் ஒரு பள்ளமும் இல்லை.

லாரியின் சுருளிலும் இதே குன்றுதான். கதவு திறந்திருந்தால் அதில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். எண்களைத்தான் பார்த்தேன், கோட்டைப் பார்க்கவில்லை.

சென்னைக்குப் போகும் லாரி வடக்கே போகும். மதியத்துக்கு மேல் அதன் இடப்பக்கத் தகரத்தில் வெயில் விழும். பெட்டிக்கு அந்தப் பக்கம்தான் ஆணி அடித்திருந்தது. அடிக்கச் சொன்னது நான்.

வெள்ளியும் சனியும் பெட்டியை அறையின் நடுவில் நாற்காலி மேல் வைத்தேன். முப்பத்துமூன்றைத் தாண்டவில்லை. ஞாயிறு ஆலயத்துக்குப் போய்வந்த இரண்டு பள்ளங்கள்.

திங்கட்கிழமை இரண்டு சுருளையும் ஞானதுரை சாரின் மேஜையில் விரித்தேன். ஆணி விஷயத்தை முதலில் சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் வாரத்தை ஓரம் முதல் ஓரம் வரை பார்த்தார்.

“மத்தியானம் வேற யாராச்சும் வந்து கதவத் தெறந்திருக்கலாம்லா?”

யாரும் வர மாட்டார்கள் என்றேன்.

“ஏழு நாளும்?”

“ஆமா சார்.”

அவர் விரல் ஓரிடத்தில் நின்றது. புதன்கிழமை இரவு ஏழரை. அங்கே ஒரு பள்ளம் இருந்தது.

“இது? இதுக்குப் பதில் இல்லேன்னா மெட்ராஸ்ல முழுசையும் தள்ளிருவாங்கம்மா.”

புதன்கிழமை படியில் காலடிச் சத்தம் கேட்டது. யாரோ என்னைப் பார்க்க வருகிறார்கள் என்று கதவைத் திறந்தேன். கீழ்வீட்டுச் சண்முகத்தாய் அக்கா. கொடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு, சாப்பிட்டாச்சா என்று கேட்டு, பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போனார். நான் செத்த நேரம் கதவைத் திறந்தபடி நின்றிருந்தேன். பள்ளம் அகலமாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

இதைச் சாரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சும்மா திறந்தேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் காத்திருந்தார். இருளப்பசாமி பஸ்ஸைக் கைகாட்டியது நினைவுக்கு வந்தது.

“யாரோ வாராங்கன்னு நெனச்சுத் தெறந்தேன் சார். வரல.”

சார் கண்ணாடியைக் கழற்றினார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பக்கத்தில் காரணம் எழுதச் சொன்னார். பென்சிலால் எழுதினேன். வேலைக்குக் கிளம்பியது. திரும்பியது. ஆலயம். புதன்கிழமையில், கதவு திறந்தது, யாரும் வரவில்லை. சுருளைக் கடிதத்தோடு சேர்த்துப் பின் அடித்துச் சென்னைக்கு அனுப்பினார்கள்.

பத்து நாளில் பதில் வந்தது. டப்பாக்களைத் திறந்து பார்த்தார்களாம், ஒன்றும் இளகவில்லை. சரக்கை ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த லோடுக்கு இருளப்பசாமியே வந்தார். சரக்குக்கு நடுவில் கயிறு கட்டிக் கோள்சொல்லியைத் தொங்கவிட்டேன். தப்பு என்னுடையதுதான் என்று சொல்லத் தொடங்கினேன். அவர் முடிக்க விடவில்லை.

“கெடக்கட்டும் தாயி. வெயில் செஞ்ச வேலை.”

என் சுருளையும் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அங்கே யாரோ ஒவ்வொரு குறிப்பையும் படித்துச் சிவப்பு மையில் டிக் போட்டிருந்தார். புதன்கிழமைக்கும் ஒன்று இருந்தது.